கடலுக்கும் கழனிக்கும் நடுவே

தஞ்சைத் தரணி என்று சொன்ன மாத்திரத்தில் பச்சை வயலும் நிறைந்த வாய்க்காலும் கோயிற் கோபுரமுமே மனக்கண்முன் வந்து நிற்கின்றன. அந்தத் தரணிக்குக் கிழக்கெல்லையாக ஒரு கடல் இருக்கிறதென்பது வயற்காட்டு ஜனங்களுக்கே பல சமயம் மறந்துபோகிறது. கொள்ளிடம் கடலோடு கலக்கும் பழையாற்றில் தொடங்கி, திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், நாகப்பட்டினம், செருதூர், விழுந்தமாவடி, புஷ்பவனம், ஆறுகாட்டுத்துறை என்று தெற்கே இறங்கிக் கோடியக்கரையில் முடியும் அந்தக் கரை, நடுவே காரைக்கால் நீங்கலாக, நெடுந்தூரம் நீண்டு கிடக்கிறது. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரியும்வரையில் அது தஞ்சை ஜில்லாவின் கரையாகவே இருந்தது. உள்நாட்டுக் குடியானவனுக்கு இந்தக் கடலை நினைவூட்டியவர் யார் என்று கேட்டால், படகேறிப் போகும் மீனவரல்லர். அவரை அவன் பார்த்ததே இல்லை. காலை வெயில் ஏறுமுன் தலையில் சும்மாடும் அதன்மேல் கூடையுமாகத் தெருமுனையில் வந்து நின்று, “அம்மா, மீனு!” என்று குரல் கொடுத்த பெண்ணே அவனுக்குக் கடலாக இருந்தாள்.

அந்தப் பெண்ணின் ஜீவனம் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் எவ்வாறு மாறிற்று, அந்த மாற்றத்தில் அவளுக்கு வந்தது எது, போனது எது என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மீன்பிடித் தொழிலைப் பற்றிய நம்முடைய கணக்குகள் எல்லாம் படகைக் கொண்டே எழுதப்பட்டன. கூடையைக் கொண்டு எழுதினால் வேறொரு சரித்திரம் தெரியவரும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பண்டமாற்றாக நடந்த இந்த வியாபாரத்தின் தொன்மைக்குச் சங்க நூல்களே சாட்சி. அகநானூற்றின் 140-ஆம் பாட்டில் அம்மூவனார், கைவளை ஒலிக்கத் தெருவிலே நடந்து, நெல்லுக்குச் சரிசமமாக உப்பைத் தருவதாகக் கூவும் ஓர் உமணர் மகளையும், அவள் குரல் கேட்டுக் குரைக்கும் வீட்டு நாயையும் காட்டுகிறார். நெய்தல் நிலத்துப் பாடல்கள் பலவற்றில், மணலில் காயவைத்த மீனைப் புள்ளினம் கவராமல் காக்கும் பெண்கள் வருகிறார்கள். கடற்பண்டத்தை நெல்லாக மாற்றும் வேலை அன்றே பெண்ணின் கையில் இருந்தது. ஆண் கடலோடு போராடினான், பெண் சந்தையோடு போராடினாள். சென்ற தலைமுறையிலும் அறுவடைக் காலத்தில் கருவாட்டுக் கூடையோடு களத்துமேட்டுக்கு வந்து, பதக்கும் குறுணியுமாக நெல் அளந்துகொண்டு போன கடற்கரைப் பெண்களைக் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இக்கரையின் பூர்வீகக் குடிகளான பட்டினவரிடையே பெண்கள் கடலுக்குப் போகும் சம்பிரதாயம் கிடையாது. கரை அவர்களுடையது. கட்டுமரமும் வள்ளமும் அந்தந்தக் குப்பத்தின் முன்மணலிலேயே வந்து ஒதுங்கிய காலத்தில், வலையிலிருந்து மீனைக் கழற்றுவதும், ரகம் பிரிப்பதும், விலை பேசுவதும், விற்காததை உப்பிட்டு உலர்த்துவதும், ஓய்ந்த நேரத்தில் பருத்தி நூலிலோ சணலிலோ வலை முடிவதும் அவர்கள் வேலையாக இருந்தன. கணவன் கொணர்ந்த மீனை அவளே விற்றாள். விற்ற காசு அவள் மடியில் இருந்தது. அரிசி, எண்ணெய், பிள்ளையின் வைத்தியம், மகளின் சீர், அடுத்த நாள் தொழிலுக்குச் செலவு எல்லாம் அந்த மடியிலிருந்தே புறப்பட்டன. கன்னியாகுமரிக் கரையின் முக்குவப் பெண்களைப் பற்றி 1991-இல் ஒரு முழு நூல் எழுதிய கல்பனா ராம், வீட்டின் வரவு செலவையும் கடன் கொடுக்கல் வாங்கலையும் அப்பெண்களே நடத்துவதை விரிவாக எடுத்துக் காட்டுகிறார். சாதியும் சமயமும் வேறானாலும் சோழமண்டலக் கரையிலும் இவ்விஷயத்தில் நிலைமை பெரிதும் ஒத்ததே.

ஆனால் காவிரிக் கழிமுகத்துக்கே உரிய ஒரு விசேஷம் இங்கே உண்டு. அதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். இந்த மீன்காரிக்கு இரண்டு தண்ணீர்கள் கருணை காட்டவேண்டும். கடல் மீன் கொடுத்தால் மட்டும் போதாது. மேட்டூரிலே தண்ணீர் திறந்துவிடவும் வேண்டும். அவளிடம் மீன் வாங்குகிறவள் பெரும்பாலும் நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகிற கூலிக்காரப் பெண். 1934 முதல் ஜூன் 12 என்று வகுக்கப்பட்ட தேதியில் மேட்டூர் திறந்து, குறுவை நடவு தொடங்கிக் கூலி கைக்கு வந்தால்தான் கூடையிலுள்ள காரலும் சாளையும் விலைபோகும். கூலி இல்லாத நாட்களில் அவள் கடனுக்குப் போடுவாள். தை அறுவடையில் வசூலிப்பாள். எந்தத் தெருவில் யார் வீட்டில் எவ்வளவு பாக்கி என்பது எழுத்தறியாத அவள் மனத்தில் பிசகின்றி எழுதப்பட்டிருக்கும். புரட்டாசியில் பெருமாளுக்கும், கார்த்திகையில் ஐயப்பனுக்கும் விரதமிருக்கும் ஊர்களில் வியாபாரம் படுத்துவிடும் என்பதும் அவளுடைய பஞ்சாங்கத்தில் உண்டு. 2016–17-இல் காவிரி பொய்த்துச் சம்பா கருகியபோது, அதை வேளாண்மைத் துயரம் என்று மட்டுமே நாம் எழுதினோம். வயலில் கூலி நின்றால் கடற்கரையில் கூடை நிற்கும் என்ற சிறிய உண்மையை யாரும் எழுதவில்லை.

கருவாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐஸ் வராத காலத்தில் கருவாடே கடற்கரைப் பெண்ணின் சேமிப்பு. மீன் மலிந்த நாளில் விலை கிடைக்காத மீனை வாங்கி உப்பிட்டு வைத்தவள், புயல்மழைக் காலத்தில் அதைக் காசாக்கினாள். வெள்ளையர் ஆட்சியில் உப்பு வரி இத்தொழிலை நெரித்தபடியால், வரியில்லாத உப்புக் கொடுக்கும் சர்க்கார் மீன் பதனிடும் முற்றங்கள் கரையோரம் ஏற்படுத்தப்பட்டன. 1907-இல் பிரெடெரிக் நிக்கல்சனின் பொறுப்பில் தொடங்கிய சென்னை மாகாண மீன்துறை இந்தப் பதனிடும் தொழிலில் மிகுந்த சிரத்தை காட்டிற்று. மீன்துறையின் கவனம் பின்னர் கரையைவிட்டுப் படகுக்குப் போனது.

அந்தத் திருப்பம் நேர்ந்தது சுதந்திரத்துக்குப் பின். 1952-இல் கையெழுத்தான இந்திய–நார்வே ஒப்பந்தத்தின்படி கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இயந்திரப் படகுகளுக்கான முயற்சி ஆரம்பமாயிற்று. அந்த அலை அடுத்த இருபது ஆண்டுகளில் நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. நைலான் வலை வந்தது, விசைப்படகு வந்தது, இழுவைமடி வந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்குக் கொடுத்த விலை கடற்கரையை ஒரு புதிய உலகத்துக்கு அழைத்துச் சென்றது. இதனால் விளைந்த நன்மைகளை நான் மறைக்கமாட்டேன். ஓலைக்குடிசை இருந்த இடத்தில் மாடிவீடு எழுந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பட்டினிக் காலம் குறுகிற்று. ஆயினும், அதே அபிவிருத்தி கூடைக்காரியிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனதைக் கணக்கெழுதியவர்கள் கவனிக்கவில்லை.

முதலில் வலை முடியும் வேலை போயிற்று. ஆலையில் பின்னிய நைலான் வலை கடையில் கிடைக்கும்போது வீட்டில் முடிகிறவளுக்கு வேலை ஏது? பிறகு மீன் இறங்குமிடமே மாறிற்று. குப்பத்தின் முன் ஒதுங்கிய மரங்களுக்குப் பதிலாக, அக்கரைப்பேட்டையைப் போன்ற துறைமுகங்களில் படகுகள் கூட்டமாக வந்து சேர்ந்தன. ஏலம் பெருங்குவியல்களாக விடப்பட்டது. ஐஸும் லாரியும் முன்பணமும் உடைய வியாபாரி, நல்ல இறாலையும் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டு போனான். படகுக்குக் கடன் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போடவேண்டும் என்ற நிர்ப்பந்தம் வந்தபின், மனைவி கணவனுடைய மீனைத் தொடவும் பாத்தியதை இல்லாதவளானாள். தன் வீட்டுப் படகிலிருந்து இறங்கும் மீனை, வேறொருவர் கூறும் விலைக்கு, மற்றவர்களோடு போட்டியிட்டு அவள் ஏலத்தில் எடுக்கவேண்டியதாயிற்று.

இந்த நிலைக்கு அவர்கள் கண்ட உபாயம் பாராட்டத்தக்கது. தனியொருத்தியாக ஒரு குவியலை எடுக்க முதலில்லாத பெண்கள் நால்வர், ஐவர் சேர்ந்து ஏலம் எடுத்து, அங்கேயே தரையில் கொட்டிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதற்கான முதலோ, நாள் வட்டிக்கும் வார வட்டிக்கும் வாங்கியது. காலையில் கடன், மாலையில் அடைப்பு என்று அன்றாடம் சுழலும் அந்தச் சக்கரம், ஒருநாள் மீன் விற்காமல் கெட்டுப்போனாலும் நின்றுவிடும். பெரிய மீன் அவளுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. சிறிய மீனுக்கும் இப்போது புதிய போட்டிக்காரர் வந்திருக்கிறார். ஏழையின் கூடையை நிரப்பிய பொடிமீனைக் கோழித்தீவனத்துக்காக மூட்டை மூட்டையாக வாங்கி நாமக்கல் பக்கம் அனுப்புகிறார்கள். வயற்காட்டுக் கூலிக்காரியின் சோற்றுக்கு உரிய மீன் கோழிப்பண்ணைக்குப் போவதை அபிவிருத்தி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பட்டினவரின் ஊர்ப் பஞ்சாயத்து மிகப் பழமையானது; கடலில் எந்த வலை செல்லலாம், சண்டையை எப்படித் தீர்ப்பது, கோயில் திருவிழாவை எப்படி நடத்துவது என்பவற்றையெல்லாம் கிரமமாக நிர்வகித்துவரும் அந்த ஸ்தாபனத்தின் திறமையை ஆராய்ச்சியாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். நானும் அந்த வியப்பில் பங்கு கொள்கிறேன். ஆனால் தலைக்கட்டு வரி கட்டுகிற ஆண்மக்களே அங்கே உறுப்பினர். கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் இடம் பெண்ணுக்கு இல்லை. சாதாரண நாளில் இது ஒரு பழைய சம்பிரதாயமாக மட்டும் தோன்றும். அசாதாரணமான ஒருநாள் வந்தபோதுதான் அதன் பாரம் முழுவதும் தெரிந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணியை ஒட்டி ஆழிப்பேரலை நாகைக் கரையில் ஏறியபோது, கடலுக்குள் தொலைவில் இருந்த ஆண்கள் பலர் அலை அடியில் கடந்துபோனதையே அறியவில்லை. மீன் வாங்கவும் பிரிக்கவும் கரையில் காத்திருந்த பெண்களும், மணலில் விளையாடிய குழந்தைகளும் அதன் வாயில் அகப்பட்டார்கள். நாகை மாவட்டத்தில் மாண்டவர் 6,065 பேர். அவர்களில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883, மற்றவர் குழந்தைகள். கடலூர் மாவட்டத்தில் 146 ஆண்களுக்கு 391 பெண்கள் என்று 2005 மார்ச்சில் ஆக்ஸ்பாம் வெளியிட்ட குறிப்பு சொல்லுகிறது. கரையே பெண்ணின் பணியிடம் என்பதை இதைவிடக் கொடுமையான முறையில் எந்த எண்ணும் நிரூபித்ததில்லை. படகில் இருந்தவன் தொழிலாளி என்றால், படகுக்காகக் கரையில் நின்று இறந்தவளும் தொழிலாளியே.

நிவாரணம் வந்தது, தாராளமாகவே வந்தது. ஆனால் அது படகின் கணக்கிலே வந்தது. உடைந்த படகுக்கும், கிழிந்த வலைக்கும், பழுதான என்ஜினுக்கும் மதிப்புப் போட்டவர்கள், கடலோடு போன கூடைக்கும், அலுமினிய அன்னக்கூடைக்கும், காய்ந்துகொண்டிருந்த கருவாட்டுக்கும், கிராமங்களில் நின்ற பாக்கிக்கும் மதிப்புப் போட வெகுநாள் ஆயிற்று. பட்டியல் ஊர்ப் பஞ்சாயத்தின் வழியே போனபடியால், ஆண் துணையற்ற விதவையின் பெயர் பட்டியலில் ஏற யாராவது ஒருவர் பேசவேண்டியிருந்தது. 1984 முதல் நாகையில் மீனவப் பெண்களிடையே உழைத்துவந்த ‘சினேகா’ போன்ற நிறுவனங்கள் அந்தப் பேச்சைப் பேசின. அரசாங்கம் செய்த ஒரு நற்காரியத்தையும் இங்கே நன்றியோடு குறிப்பிடவேண்டும்: புதிதாகக் கட்டிக்கொடுத்த வீடுகள் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுரிமையாக வழங்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக மணலில் குடியிருந்தும் ஒரு சாண் நிலத்துக்கும் பத்திரம் காணாத பெண்ணுக்கு அது சிறிய விஷயமன்று. குழந்தைகள் அனைத்தையும் பறிகொடுத்து, முன்னரே கருத்தடை செய்துகொண்டிருந்த தாய்மாருக்கு மறு அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்பட்டதும் அந்தக் காலத்திலேதான். அதன் பின் பிறந்த குழந்தைகள் இன்று வாலிபப் பருவத்தில் இருக்கிறார்கள்.

வீடு கிடைத்தது என்றேன். அந்த வீடு இருந்த இடம் வேறு. செல்லூர் போன்ற குடியிருப்புகள் கரையைவிட்டு உள்ளே தள்ளி அமைந்தன. பாதுகாப்புக்கு அது வேண்டியதே. எனினும், படகு வரும் ஓசை கேட்டு எழுந்து ஓடிய பெண்ணுக்கு இப்போது விடியற்காலை 3 மணிக்கு ஆட்டோவுக்குப் பணம் வேண்டும். மீன் காயவைக்க முற்றம் இல்லை. காயவைத்தால் அண்டைவீட்டார் நாற்றம் என்று முகம் சுளிக்கிறார்கள். உயிருக்கு அரணான தூரமே தொழிலுக்கு இடையூறாக நிற்கும் இந்தச் சங்கடத்துக்கு, கரையோரம் பொது உலர்களங்கள் போதிய அளவில் அமைப்பதைத் தவிர வேறு பரிகாரம் எனக்குத் தோன்றவில்லை.

ஆழிப்பேரலைக்கு முன்பே கழனிப் பெண்ணையும் கடற்பெண்ணையும் ஒரே பக்கத்தில் நிறுத்திய மற்றொரு சம்பவம் நடந்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் சீகாழி, தரங்கம்பாடி, நாகைப் பகுதிகளில் நெல்வயல்கள் இறால் பண்ணைகளாக மாறின. உப்புநீர் பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் பரவிற்று. நூறு பெண்கள் நடவு நட்ட நிலத்தில் சில காவற்காரர்களுக்கே வேலை இருந்தது. பண்ணை வேலிகள் மீனவருக்குக் கடற்கரைப் பாதையை அடைத்தன. சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் ‘லாப்டி’ இயக்கத்தின் வழியே இவ்விரு திறத்தாரையும் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இத்தகைய பண்ணைகளைத் தடைசெய்து தீர்ப்பளித்தது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தொழிலைப் பதிவு பெற்று நடக்கச் செய்து, தீர்ப்பின் வேகத்தைத் தணித்துவிட்டது. 

மாற்றுத் தொழில்கள் என்று சொல்லப்படுபவற்றை இனிப் பார்க்கலாம். சுய உதவிக் குழுக்கள் கடலோரத்தில் பல்கின. மீன் ஊறுகாய், இறால் பொடி, தையல், மெழுகுவத்தி என்று எத்தனையோ கற்றுக்கொடுத்தார்கள். குழு என்ற அமைப்பு, பஞ்சாயத்தில் இடமில்லாத பெண்ணுக்கு உட்கார்ந்து பேச ஓர் இடம் தந்தது. இதுவே அதன் பெரும் பயன் என்பேன். கற்ற தொழில் நிலைக்காமற் போனதற்குக் காரணம் பெண்களின் சோம்பல் அன்று. ஊறுகாய்க்குச் சந்தை தேடிக்கொடுக்க எவரும் இருக்கவில்லை. அவளுக்குச் சந்தை தெரிந்த பண்டம் ஒன்றே; அந்தப் பண்டம் அவளுக்குக் கிடைக்கும்படி செய்வதை விட்டு, அவளை வேறு பண்டத்துக்குத் துரத்தியது பெரும் பிழை. பின்னர் வந்த குழுக்கடன் கம்பெனிகள் வாரத் தவணையைக் கழுத்தில் மாட்டின. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் என்ற சுழலில் சிக்காத வீடு குறைவு.

சர்க்காரின் சட்டத்திலும் திட்டத்திலும் பெண்ணின் பெயர் மெல்ல ஏறிவருகிறது. 2007-ஆம் ஆண்டின் மீனவர் நல வாரியச் சட்டம் மீன்பிடிப்பைச் சார்ந்த தொழில் செய்வோரையும் தன்னுள் அடக்குகிறது. மாதந்தோறும் பெண்கள் கட்டும் சேமிப்போடு அரசு தன் பங்கையும் சேர்த்து, மீன் குறைந்த காலத்தில் திருப்பித் தரும் மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் தமிழகத்தில் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்துக்கான உதவித்தொகை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது குடும்பத்துக்கு ஒன்று. அத்தடையால் கூடை காலியாகிறவளுக்கு அவள் தொழிலைக் கருதித் தனியே ஒன்றும் இல்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் 2014-இல் ஒப்புக்கொண்ட சிறுதொழில் மீன்பிடி நெறிமுறைகள், பிடிப்பவர் முதல் பதனிட்டு விற்பவர் வரை எல்லாரும் மீன்தொழிலாளரே என்று தெளிவாகக் கூறுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக் கரையிலே, மீன் விற்கும் பெண்களே படகுகளுக்கு முதல் போடுகிறார்கள். அங்கே கடலுக்குப் போகும் ஆண் விலைக்காகக் காத்திருப்பது அவளிடம். பெண் கடலேறாத சமூகத்திலும் அவள் தொழிலின் எஜமானியாக இருக்கலாம் என்பதற்கு அது ஒரு பிரத்தியட்சப் பிரமாணம்.

பஸ் என்ற எளிய விஷயத்தையும் விட்டுவிடலாகாது. மீன்கூடையோடு ஏறுகிறவளை நாற்றத்தைக் காரணம் காட்டி இறக்கிவிடும் கொடுமை நெடுங்காலமாக நடந்துவருகிறது. 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு மூதாட்டி அவ்வாறு அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டபோது, அவர் பேருந்து நிலையத்தில் நின்று உரத்த குரலில் நீதி கேட்டது நாடு முழுவதும் ஒலித்தது. ஊழியர்கள்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. 1860-களில் நாகையிலிருந்து தஞ்சை வழியே திருச்சிக்கு ரயில் போட்டது முதல், கூடைக்காரியின் வியாபார எல்லை விரிந்ததும் சுருங்கியதும் வண்டியைப் பொறுத்தே. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதத்தில் வந்த உத்தரவு அவள் செலவைக் குறைத்தது; கூடை வைக்க இடமிருந்தால் அந்த உபகாரம் பூரணமாகும்.

மகள்மார் கூடையைத் தொடுவதில்லை. தாய்மாருக்கும் அதுவே விருப்பம். “என்னோட போகட்டும்” என்று அவர்கள் சொல்வதைக் கேட்காத குப்பம் இல்லை. ஆசிரியையாகவும் செவிலியாகவும் கணினி வேலைக்காரியாகவும் சென்றவர்கள் பலர். 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் ஒன்று ஏற்பட்டிருக்கிறது, மீனின் பதனமும் சந்தையும் அங்கே பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன, பெண்களும் படிக்கிறார்கள். அப்பாடங்களில் பாதி, சில கிலோமீட்டர் தொலைவில் இருட்டோடு எழுந்து துறைமுகத்துக்கு நடக்கும் பெண்களுக்கு எழுதாமலே தெரியும். எந்த மாதத்து நெத்திலி கருவாட்டுக்கு ஆகும், எந்த மீனை எந்த ஊர் விரும்பும், மழைக்கு முன் எவ்வளவு உப்பு என்ற அந்த அறிவு, அவர்களோடு முடிந்துபோகுமுன் ஏட்டில் ஏறவேண்டும். ஏற்றுவதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தைவிடத் தகுந்த இடம் இல்லை.

இப்போதைக்கு அக்கரைப்பேட்டைத் தளத்தில் விடியுமுன் பார்த்தால், அன்னக்கூடைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் அமர்ந்து, படகு விளக்குகள் முகத்துவாரத்தில் திரும்புவதை எதிர்நோக்கும் பெண்களைக் காணலாம். ஏலத்தில் யார் யார் கூட்டு என்பது அதற்குள் பேசி முடிந்திருக்கும். ஒருத்தி திருவாரூர்ப் பக்கம், ஒருத்தி கீழ்வேளூர்ப் பக்கம். முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. அங்கே நடவு தொடங்கிவிட்டதா, தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்று அவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.